ஒரே ஊர்த் தவளைகளுக்குள் ஏன் இவ்வளவு தூரம்?

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத் தோட்டக் குளங்களிலும் பூங்காக் குளங்களிலும் வாழும் தவளைகளை ஹிட்ச்சிங்ஸ், பீபி என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். நகருக்குள் சராசரியாக 2.3 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த குளங்களுக்கிடையே காணப்பட்ட மரபணு வேறுபாடு, கிராமப்புறத்தில் 41 கிலோமீட்டர் தள்ளியிருந்த குளங்களுக்கிடையே இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

வேறுபாடு கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. சாலையும் சுவரும் வழிமறிப்பதால் ஒவ்வொரு குளமும் தனித்தீவாகிறது. அங்கே இனப்பெருக்கம் செய்பவை சில ஜோடிகளே. யாருடைய குஞ்சுகள் பிழைக்கும் என்பது பெரும்பாலும் தற்செயல். தலைமுறைக்குத் தலைமுறை சில மரபணு வடிவங்கள் அப்படியே தொலைகின்றன. ஒரு குளம் ஒன்றை இழக்கிறது, அடுத்த குளம் வேறொன்றை. குளங்கள் ஒன்றுக்கொன்று அந்நியமாவது இந்த இழப்பால்தான். இழந்ததைத் திரும்பக் கொண்டுவர வெளியிலிருந்து ஒரு தவளையும் வந்து சேர்வதில்லை.

பிறகு நெருங்கிய உறவுகளே இணைசேர, மறைந்திருந்த குறைகள் வெளிப்படுகின்றன. பிரைட்டன் நகரத் தலைப்பிரட்டைகள் அதிகம் செத்தன. உடற்குறைகளும் அவற்றில் கூடுதல்.

ஒரு குளத்து முட்டைகளை அள்ளி இன்னொன்றில் விட்டால் சரியாகிவிடாதா? கூடவே ரானாவைரஸ் நோயும் பரவக்கூடும் என்பதால் பிரிட்டனில் அதைச் செய்ய வேண்டாம் என்கிறார்கள். சாலைக்கடியில் சுரங்கவழி, தோட்டங்களுக்கிடையே வேலியில் இடைவெளி, நடுவில் புதுக்குளங்கள் என்று தவளை தானே நடந்துபோக வழிவிடுவதே பாதுகாப்பானது.