பால் ஏன் நின்றது?

மலேசியாவின் பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் மரம் சீவியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: இருட்டோடு வெட்டுப் போட்டால் பால் ஓடி இறங்கும். வெயில் ஏறியபின் சீவினால் பால் பிடிக்கும் மங்கு நிறையாது. இலைகள் வழியே நீர் ஆவியாகி, பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களின் அழுத்தம் தளர்ந்துவிடுவதே காரணம். ஆனால் நேரத்தோடு சீவிய மரத்தின் பாலும் சில மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாகி நின்றுபோகிறது. உள்ளே பால் மிச்சமிருந்தும் ஏன் நிற்கிறது? எடைக்குக் கூலி வாங்கியவர்களுக்கு இது சோற்றுக் கேள்வி.

1925இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1960களில் இதைக் கையில் எடுத்தது. தண்ணீர் கலந்தால் பாலின் துகள்கள் திரண்டுகொள்கின்றன, குழாய் அடைபடுவது இதனால் இருக்கலாம் என்று பாக்கியநாதன், போட்மேன், டேய்சம் மூவரும் 1966இல் எழுதினார்கள். சீவியதும் குழாயின் அழுத்தம் சட்டென்று விழ, சுற்றியுள்ள திசுக்களிலிருந்து நீர் உள்ளே புகுந்து பாலை நீர்க்கச் செய்கிறது. இரண்டு ஆண்டு கழித்து சதோர்ன் என்ற ஆய்வாளர் வெட்டை ஒட்டிய பட்டையையே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். குழாய் வாய்களில் அடைப்புகள். அவற்றோடு சிதைந்த லூட்டாய்டுகள்.

லூட்டாய்டு என்பது பாலில் மிதக்கும் சில மைக்ரான் அகலப் பை. அதற்கு ஒற்றைச் சவ்வுதான் சுவர். உள்ளே அமிலச் சாறு, மக்னீசியம், கால்சியம், நேர்மின்னேற்றம் கொண்ட புரதங்கள். வெளியே மிதக்கும் ரப்பர் துகள்களோ எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்பவை. நீர் புகுந்து பை ஊதி வெடித்து, உள்ளிருப்பவை வெளியே கலந்ததும் அந்த விலக்கம் போய்விடுகிறது. தோட்டத்து ஸ்டோரில் ஃபார்மிக் அமிலம் ஊற்றிப் பாலை உறைய வைக்கிறார்களே, ஏறக்குறைய அதே வேலையை மரம் வெட்டு வாயில் தானே செய்து காயத்தை மூடிக்கொள்கிறது.

ஏபிரகாம், வைச்சர்லி, பாக்கியநாதன் மூவரும் 1968இல் எழுதிய கட்டுரையில் வரும் எத்தபான் என்னும் ரசாயனம், பட்டையில் பூசினால் எத்திலீன் வாயுவை வெளிவிடும். அடைப்பு தள்ளிப்போகும், பால் நெடுநேரம் ஓடும். அளவு மிஞ்சினால் வெட்டு காய்ந்து மரம் பாலே தராமல் போவதும் உண்டு.

இனி, வெட்டு வாயில் திரளும் அந்த ரப்பர் துகளின் தோல். சாதாரண ஒளி நுண்ணோக்கியின் எல்லை சுமார் 200 நானோமீட்டர். இந்தத் தோலின் தடிப்பு அதில் சின்னப் பின்னம். கொழுப்பு மூலக்கூறுகளின் ஒற்றை வரிசையும் அதில் பதிந்த புரதங்களும்தான் இந்த உறை என்று 1999இல் கட்ரினா கார்னிஷ் குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையோடு சொன்னது. 1986இல் வந்த அணுவிசை நுண்ணோக்கி வேறு வகை. லென்ஸ் வழியே ஒளியைக் குவித்துப் பார்ப்பதில்லை. மெல்லிய தகட்டின் முனையிலுள்ள ஊசி மேற்பரப்பைத் தடவிச் செல்ல, தகடு வளைவதை லேசர் கதிர் அளக்கிறது. அதைப் பயன்படுத்திய தாய்லாந்து, மலேசிய, நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் வேறு கணக்குச் சொன்னார்கள்: சுமார் 20 நானோமீட்டர் தடிப்பு, புரதமும் பாஸ்போலிப்பிடும் கலந்த படலம், அதிலும் பெரும்பகுதி புரதம். எலக்ட்ரான் நுண்ணோக்கி மாதிரியை உலர்த்திச் சாயமேற்றிப் பார்க்கிறது, அணுவிசை நுண்ணோக்கி இளகிய பொருளை முனையால் தொட்டுப் பார்க்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதே நியாயம் என்பேன்.

இதை ஆய்வுக்கூடச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. ரப்பர் கையுறை ஒவ்வாமையின் முக்கியக் குற்றவாளிகளில் இரண்டு, ஹெவ் பி 1, ஹெவ் பி 3 என்னும் புரதங்கள், இந்தத் தோலில் ஒட்டியிருப்பவை. முதுகெலும்புப் பிளவோடு பிறந்து பல அறுவைகளைக் கண்ட குழந்தைகளை அதிகம் பாதிப்பவை இவைதான். மருத்துவமனை ஊழியர்களைப் படுத்துவதில் லூட்டாய்டுக்குள் இருந்து வரும் ஹெவீன் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு. கையுறைத் தொழிற்சாலையில் வெந்நீர்த் தொட்டியில் முக்கி அலசும்போது நீரில் கரையும் ஹெவீன் பெருமளவு போய்விடும். துகளின் தோலோடு ஒட்டிய அந்த இரண்டும் அவ்வளவு லேசில் போவதில்லை.