கருவாட்டு வாடை ஆகாமல் போகும்போது

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ பிறந்து வளர்ந்தவளுக்குக் கருவாடு காயும் வாடை ஒரு வாடையே அல்ல. முழுகாமல் இருக்கும் ஆறாவது வாரத்தில் அதே வாடை குடலைப் பிரட்டுகிறது. அடுப்பில் மீன் குழம்பு கொதித்தால் வாசலுக்கு ஓடுகிறாள். “மசக்கைதானே, மூணு மாசத்துல சரியாப் போயிரும்” என்கிறார் மாமியார்.

பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. 10 கர்ப்பிணிகளில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், 16 முதல் 20 வாரத்துக்குள் பலருக்கு அடங்கிவிடுகிறது. வெறும் வயிற்றோடு இருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதும், இஞ்சியும், ஆகாத வாடையிலிருந்து விலகியிருப்பதுமே சிலருக்குப் போதும்.

ஆனால் 100 பேரில் அதிகபட்சம் மூன்று பேருக்கு அது மசக்கையோடு நிற்பதில்லை. பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகும். எழுந்து நின்றால் கண் இருட்டும். கர்ப்பத்துக்கு முன் 50 கிலோ இருந்தவர் இரண்டரை கிலோ இளைத்துவிட்டால், அது மருத்துவமனையில் பார்க்க வேண்டிய நோய். ராமநாதபுரம் வெயிலில் உடம்பு வற்ற அதிக நேரம் ஆகாது.

இத்தகைய பெண்களை “மனசுதான் காரணம்” என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் குறை சொன்னது. அமெரிக்க மரபணு ஆய்வாளர் மார்லேனா ஃபெஜோ 1999இல் இதே நோயால் 15ஆவது வாரத்தில் தன் கருவை இழந்தவர். காரணத்தைத் தேடி இறங்கிய அவர், 2018இல் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனின் மரபணுவைச் சுட்டிக்காட்டினார். 2023 டிசம்பரில் கேம்பிரிட்ஜின் ஸ்டீஃபன் ஓராஹிலி குழுவோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் விளக்கமும் தந்தார். கருவும் நச்சுக்கொடியும் இந்த ஹார்மோனைத் தாயின் ரத்தத்தில் ஏராளமாகக் கலக்கின்றன. முன்பே அது குறைவாக இருந்த உடம்புக்குத் திடீர் வெள்ளம் தாங்குவதில்லை. மூளைத்தண்டு வாந்திக்கு உத்தரவிடுகிறது.

இந்த ஆய்வில் ராமேஸ்வரத்துக்கு அக்கரையில், இலங்கையின் களனிப் பல்கலைக்கழக மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு. தலசீமியா என்ற ரத்தக் குறைபாடு உள்ள பெண்களுக்கு ஜிடிஎஃப்15 எப்போதுமே அதிகம். அவர்களுக்குக் கர்ப்பகாலக் குமட்டல் மிகக் குறைவாகவே இருந்தது. பழகிய உடம்பு பதறுவதில்லை. வாந்தி எடுப்பவளின் மனதில் குற்றம் தேட இனி எந்த நியாயமும் இல்லை.

மாத்திரை போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்ற பயமும் பலரை வீட்டிலேயே கிடத்திவிடுகிறது. டாக்ஸிலமினும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. வழக்குகளின் நெருக்கடியால் 1983இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட அந்தக் கூட்டு, கருவுக்குக் கேடில்லை என்று ஆய்வுகள் காட்டிய பின் 2013இல் அங்கேயே அனுமதி பெற்றுத் திரும்பி வந்தது. மருத்துவரைக் கேட்டுப் போடலாம்.

“ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா தெம்பு வந்துரும்” என்பது ஊர்ப்பேச்சு. வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு இதில் ஆபத்து இருக்கிறது. உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் இருப்பு இருக்கும். அது தீர்ந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்: கண் நிலைகொள்ளாது, நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். அதனால் முதலில் தயமின், பிறகுதான் குளுக்கோஸ். எத்தனை நாளாக வாந்தி என்பதைத் துணைக்கு வருபவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரட்டைக் குழந்தையா, நச்சுக்கொடி நீர்க்குமிழ்களாக வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பமா என்று ஸ்கேனும் பார்ப்பார்கள். இரண்டிலும் வாந்தி கடுமையாகும்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை என்றாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பாம்பன் பாலம் தாண்டி 50 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். 108ஐ இரவிலும் அழைக்கலாம். முதல் பிள்ளைக்கு இப்படி இருந்தவருக்கு அடுத்ததிலும் வர வாய்ப்பு அதிகம். அடுத்த முறை கர்ப்பத்தைப் பதியும் அன்றே கிராம சுகாதார செவிலியரிடம் அதைச் சொல்லிவிட்டால், வாந்தி முற்றும் முன்பே மாத்திரை தொடங்க முடியும்.