செவுளுக்குள் ஓர் ஆலை

காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கப்பட்ட மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்காகக் கட்டப்பட்டது. கடல்நீரைப் பேரழுத்தத்தில் சவ்வுகளுக்குள் தள்ளி உப்பைப் பிரித்தெடுப்பதே அதன் வேலை. பக்கத்து மணலி புதுநகரில் யாராவது வீட்டுத் தொட்டியில் கோமாளி மீன் வளர்த்தால், விரல் நீளமே உள்ள அந்த மீனும் அதே வேலையைத்தான் செய்யும், அதுவும் ஓசையே இல்லாமல்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மீனின் ரத்தத்தில் ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்குதான். உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் நகர்வது இயற்கை. ஆகவே செவுள் வழியாக மீனின் உடல்நீர் இடைவிடாமல் கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நீருக்குள்ளேயே வாழும் உயிருக்குத் தாகம்! ஈடுகட்ட அது கடல்நீரையே குடிக்கிறது. கூடவே உள்ளே வந்த சோடியத்தையும் குளோரைடையும் செவுளில் இதற்கென்றே அமைந்த செல்கள் வெளியேற்றுகின்றன. தின்ற இரையின் ஆற்றல்தான் அந்தச் செல்களை இயக்குகிறது. சிறுநீரும் மிகக் கொஞ்சமே. கொளத்தூர்க் கடைகளில் விற்கும் நன்னீர்த் தங்கமீனின் பாடு இதற்கு நேர்மாறு: உடலுக்குள் நீர் புகுந்துகொண்டே இருப்பதால், அதைச் சிறுநீராகக் கொட்டியபடி இருக்க வேண்டும்.

இது புரிந்தால் தொட்டியைப் பராமரிக்கும் முறையும் புரிந்துவிடும். 100 லிட்டர் தொட்டியில் மூன்றரைக் கிலோ உப்பு கரைந்திருக்கிறது. சென்னை வெயிலில் 10 லிட்டர் ஆவியானால் நீர் மட்டும் போகும், உப்பு தங்கிவிடும். லிட்டருக்கு 39 கிராம் ஆகிவிடும். மீனின் செவுளுக்கு வேலை கூடும். எனவே ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீன் விடக் கூடாது.

எண்ணூர்க் கடல் பக்கத்தில்தானே, ஒரு கேனில் அள்ளி வரலாமே என்று தோன்றும். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிய கடல் அது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகத்திலும் எண்ணெய் பரவியது. ஆர்.ஓ. நீரில் கடலுப்புக் கலவையைக் கரைப்பதே நல்லது.

கோமாளி மீனைப் பண்ணையில் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் உருவாக்கியிருக்கிறது. கடையில் அப்படிப் பண்ணையில் பிறந்த மீனையே கேளுங்கள். பவளப்பாறைகளில் பிடித்ததை வாங்காதீர்கள்.