கடைக்காரர் கண் முன்னே கணக்கு

வணிகப் பெருமக்களே! நாணயம்தான் நமக்கு முதல் மூலதனம். அந்த நாணயம் நம் மனத்தில் இருந்தால் மட்டும் போதாது. பற்று வைத்திருப்பவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்குப் பல்லாண்டுகளாக மளிகைச் சரக்கு போட்டு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் கொந்தளித்தால் படகு இறங்காது. குப்பத்தில் காசு புழங்காது. மீனவருக்குக் கடைக்காரர் கடன் கொடுப்பார். கடைக்காரருக்கு நாம் கொடுக்க வேண்டும். பாக்கி ஏற ஏற, கணக்கில் சந்தேகமும் ஏறும்.

சிறு கடைகளில் உட்கார இடம் இருக்காது. எனவே காரிலேயே மடிக்கணினியைத் திறந்து கணக்குப் பார்ப்பது என் வழக்கம். நான் வாசிப்பேன், அவர் தலையாட்டுவார். பிறகு, "அந்த இரண்டு மூட்டை அரிசி எப்போது வாங்கினேன்?" என்பார். இதற்கு வழியாக, காரின் தொடுதிரையையே மடிக்கணினியின் இரண்டாவது திரையாக்கித் தந்தான் என் மகன். இடையில் கம்பி இல்லை.

முறை எளிதுதான். என் காரில் இருப்பது பின்னால் வாங்கிப் பொருத்திய ஆண்ட்ராய்டு செட். 'ஸ்பேஸ்டெஸ்க்' என்ற மென்பொருளின் ஒரு பகுதியை மடிக்கணினியிலும், மற்றொரு பகுதியைக் கார் திரையிலும் ஏற்ற வேண்டும். செல்போனின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் இணைத்தால் போதும். ஏற்றிய பிறகு இணையம் தேவையில்லை. ஆகவே சிக்னல் குறைந்த கரையிலும் வேலை செய்கிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே மட்டும் உள்ள கம்பெனித் திரைகளில் இது நேரடியாக நடக்காது. ஓட்டுநரின் பாதுகாப்புக்காக, அனுமதிக்கப்பட்ட செயலிகளை மட்டுமே அவை காட்டும்.

முதல் நாளே ஒரு பிழை செய்தேன். விண்டோஸ் பொத்தானுடன் 'பி' எழுத்தை அழுத்தினால் நான்கு வழிகள் வரும். நான் 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்துவிட்டேன். என் திரையில் இருந்ததெல்லாம் கார் திரையிலும் வந்தது. பக்கத்துக் குப்பத்துக் கடையின் பாக்கியும் வந்தது. முன் இருக்கையில் இருந்த கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, நாளைக்கு என் பாக்கியும் இப்படித்தானே அடுத்தவருக்குத் தெரியும்?" எனக்குத் தலை குனிந்தது.

'எக்ஸ்டெண்ட்' என்பதே நமக்கு ஏற்றது. பேரேடு முழுவதும் மடிக்கணினியில் இருக்கும். அவருடைய கணக்குப் பக்கத்தை மட்டும் சுட்டியால் இழுத்துக் கார் திரையில் வைக்கலாம். இப்போது நான் பின் இருக்கையில் மடிக்கணினியுடன் அமர்கிறேன். அவர் முன்னால் அமர்ந்து, தேதி, சரக்கு, விலை, வரவு என ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறார். தவறு இருந்தால் அவர் கண் முன்னேயே திருத்துகிறேன்.

சில எச்சரிக்கைகள்: வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகே திரையைத் தொடுங்கள். இன்ஜினை நிறுத்தி நெடுநேரம் திரையை ஓட்டினால் பாட்டரி இறங்கிவிடும். உச்சி வெயிலில் திரை கண்ணுக்குத் தெரியாது; நிழலில் நிறுத்துங்கள். ஹாட்ஸ்பாட்டின் கடவுச்சொல்லை எவருக்கும் தராதீர்கள்.

தராசு முள்ளை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்து நிறுத்தவர்கள் நம் முன்னோர். இந்தத் திரையும் அப்படித்தான். அவருடைய கணக்கை அவருக்குக் காட்டுவோம். அடுத்தவர் கணக்கைக் காப்போம்.