மாடி ஜன்னலில் தொங்கிய வயர்

நான் பத்தாம் வகுப்பு வரை படித்த இல்லத்தரசி. திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு சந்துக்குள், மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். ஷெட், போர்டிகோ எதுவும் கிடையாது. வண்டி வாசலில்தான் நிற்கும்.

என் கணவருக்கு வேலை சின்னாளபட்டியில். போக வர தினமும் 25 கிலோமீட்டர். பெட்ரோல் விலைக்குப் பயந்து 2023-ல் தவணையில் மின்சார ஸ்கூட்டர் வாங்கினோம். விலை, மைலேஜ் எல்லாம் விசாரித்த எங்களுக்கு, 'எங்கே சார்ஜ் போடுவது?' என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை!

மாடி ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கீழே தொங்கவிட்டு சமாளித்தோம். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், கீழ் வீட்டு நாலு வயசுப் பையன் ஈரக்கையோடு அதைத் தொடப் போய்விட்டான். அவன் அம்மா அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிடுங்கிப் பார்த்தால் பிளக் சூட்டில் கருகியிருந்தது.

"இனிமே வாசல்ல வயர் தொங்கினா வீட்டைக் காலி பண்ணிடுங்கம்மா" என்றார் வீட்டுக்கார அம்மா. அவர் சொன்னதில் என்ன தப்பு? அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். "மிக்ஸி அஞ்சு நிமிஷம் ஓடும். இது மணிக்கணக்கா ஓடும். மெல்லிசு வயர் தாங்காதும்மா" என்றார். தனி வயர், 15 ஆம்பியர் பிளக், சரியான எர்த், கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் ஆர்.சி.சி.பி. இவை நாலும் கட்டாயம் வேண்டும் என்றார்.

வீட்டுக்கார அம்மாவிடம் போய்ப் பேசினேன். "எங்க மீட்டர்லேருந்துதான் கரண்ட் வரும். உங்களுக்கு ஒரு பைசா செலவு இல்லைங்கம்மா. வீட்டைக் காலி பண்ணும்போது சுவரைப் பூசிக் கொடுத்துடறோம்" என்றேன். ஒரு மாதம் நான் நோட்டில் எழுதி வைத்த கணக்கையும் காட்டினேன். ஸ்கூட்டருக்கு ஆனது 25 யூனிட்கூட இல்லை! இருக்கும் வீட்டு இணைப்பிலேயே வண்டிக்கு சார்ஜ் போடலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருப்பதை என் கணவர் எடுத்துச் சொன்னார். அரை மனதாகச் சம்மதித்தார்.

சீட்டுப் பணத்தில் வேலையை முடித்தோம். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், மழை படாத இரும்புப் பெட்டிக்குள் பிளக். அதற்கு நம்ம ஊர்ப் பூட்டு! சாவி என் இடுப்பில்.

இப்போது எங்கள் தெருவில் ஒரு வாத்தியார் மின்சார கார் வாங்கியிருக்கிறார். அவருக்கும் நிறுத்த இடமில்லை. சாக்கடையைத் தாண்டி ரோட்டில் வயரைப் போட்டிருந்தார். கார் ஸ்கூட்டர் மாதிரி இல்லை. சின்னக் கார் பேட்டரியே 20, 30 யூனிட் பிடிக்கும். 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு சுமார் 3 யூனிட்தான் ஏறும். ராத்திரி முழுக்க வயர் ரோட்டில் கிடந்தால் சைக்கிளில் வருகிறவர் கதி என்ன?

நான் என் கதையைச் சொன்னேன். எதிர்வீட்டுப் போர்டிகோவை மாத வாடகைக்குப் பேசி, சப் மீட்டர் வைத்து சார்ஜ் போடுகிறார். இரண்டு வீட்டுக்கும் லாபம்.

லண்டனில் தெருவிளக்குக் கம்பத்திலேயே காருக்கு சார்ஜ் போடும் வசதி இருக்கிறதாம். நம் மாநகராட்சியும் மின்வாரியமும் சேர்ந்து யோசித்தால் சந்து வீட்டுக்காரர்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

சகோதரிகளே, மின்சார வண்டி வாங்குமுன் ஷோரூமுக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டுக்காரரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் பேசுங்கள். வீட்டுச் சொந்தக்காரர்களே, 'கூடாது' என்று ஒரேயடியாகச் சொன்னால் வயர் ஜன்னல் வழியாகத்தான் வரும். முறையாகச் செய்ய இடம் கொடுங்கள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.