வாங்கி விடுவித்தல்: ஊர்வன வாணிபமும் கருணையின் பொருளியலும்

1

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா' என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அமீனா என்பவர் நீதிமன்றக் கட்டளையுடன் வந்து கடன்பட்டவனின் உடைமைகளைப் பறிமுதல் செய்யும் சேவகர். ஈழத்து வழக்கிற் கூறுவதாயின் பிஸ்கால். கடனில் அமிழ்ந்த குடியானவனின் அச்சமே இப்பழமொழியில் ஆமையின் மீது ஏற்றப்பட்டுள்ளது எனக் கொள்ள இடமுண்டு. இன்று நிலைமை வேறு. அக்குடியானவனின் வழித்தோன்றல்களாகிய மத்தியதர வகுப்பினர் ஆமையை விலைகொடுத்து வீட்டுக்குள் கொண்டுவருகின்றனர். தொட்டியில் ஆமை இருந்தாற் செல்வம் பெருகும் என்ற நம்பிக்கையும் அதனுடன் சேர்த்தே விற்கப்படுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாண நகரில் அலங்கார மீன் விற்கும் கடையொன்றிலே, கலங்கிய நீரில், கண்கள் வீங்கி மூடிய நிலையிற் கிடந்த சிறிய செங்காது ஆமையொன்றை இக்கட்டுரையாசிரியன் இரக்கத்தால் வாங்க நேர்ந்தது. மூன்று கிழமைகளின் பின் அது இறந்தது. அடுத்த மாதம் அக்கடையின் அதே தொட்டியில் மூன்று குஞ்சுகள் இருந்தன. கடைக்காரர் கொடியவரல்லர், விற்ற பொருளுக்குப் பதிலாகப் புதிய பொருளை வருவித்திருந்தார், அவ்வளவே. ஓர் உயிரை விடுவித்ததாக நான் எண்ணிய செயல், அவருடைய கணக்கேட்டில் ஒரு விற்பனையாக மட்டுமே பதியப்பெற்றது. புறக்கணிக்கப்பட்ட விலங்கைக் கடையிலிருந்து இரக்கத்தால் வாங்குதல் அறமாகுமா என்னும் வினா, தனிமனித மனச்சாட்சியின் எல்லைக்குள் மட்டும் விடைகாணத்தக்கதன்று என்பதையே இந்நிகழ்வு எனக்கு உணர்த்திற்று. அவ்வினாவை அதன் பொருளியல் அடிப்படையில் வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

வளர்ப்பு விலங்கு வாணிபத்தில் ஊர்வனவற்றுக்குத் தனியான ஓரிடம் உண்டு. நாயோ பூனையோ பசித்தாற் குரலெழுப்பும். ஆமையும் ஓந்தியும் மலைப்பாம்பும் எழுப்பா. ஊர்வன தம் உடல் வெப்பத்தைப் புறச்சூழலிலிருந்து பெறுவன. அதே எடையுள்ள பாலூட்டியொன்றுக்கு வேண்டிய உணவாற்றலில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு அவற்றுக்குப் போதும். எனவே பட்டினி, போதிய வெப்பமின்மை, சூரிய ஒளியின்மை ஆகியவற்றை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அவை தாங்கிக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்தும் புறஊதாக் கதிரும் கிட்டாத ஆமையின் ஓடு மெல்லென மென்மையாகி உருக்குலையும். ஓந்தியின் எலும்பு வளையும். அக்கேடு கண்ணுக்குப் புலப்படும் வேளையில் விலங்கு பெரும்பாலும் விற்றுமுடிந்திருக்கும்.

இந்தத் தாங்கும் திறனே வணிகனுக்கு வாய்ப்பாகின்றது. விலங்கின் விலை அதற்கு வேண்டிய மருத்துவச் செலவிலும் குறைவாக இருக்கையில், அதற்கு மருத்துவம் செய்வது வணிகக் கணக்கில் நட்டமாகும், இறக்கவிடுவது சேதாரமாகும். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பல கிளைகளுடன் இயங்கும் தொடர்க்கடைகளில் இக்கணக்கு விரிந்த அளவில் நடைபெறுகின்றது. அங்கு விலங்கு மலிவானது. தொட்டி, விளக்கு, உணவு முதலிய துணைப்பொருள்களே தொடர்ச்சியான வருவாயைத் தருவன. இக்கணக்கு தனியொரு கடை ஊழியரின் கல்நெஞ்சாற் பிறந்ததன்று.

இதற்கு ஒப்பான ஒரு காட்சி எமது மண்ணிலேயே பதிவாகியுள்ளமை மனங்கொள்ளத்தக்கது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராகவிருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1861 இல் வெளியிட்ட இலங்கையின் இயற்கை வரலாறு பற்றிய நூலிலே யாழ்ப்பாணச் சந்தையிற் கடலாமை விற்கப்பட்ட முறையை விவரித்துள்ளார். ஆமை மல்லாக்கக் கிடத்தப்பட்டு, அடியோடு அகற்றப்பட்டு, உயிருடன் இருக்கையிலேயே வாங்குவோர் கேட்ட பகுதி அறுத்து நிறுத்துக் கொடுக்கப்பட்டது. அவர் அதனைக் கண்டு அருவருத்தார்; அவ்வருவருப்பு நியாயமானதே. ஆயின் பனிக்கட்டி வசதியற்ற அக்காலச் சந்தையில், இறைச்சி கெடாதிருக்க விலங்கின் உயிரே பயன்பட்டது என்பதையும் நாம் காணவேண்டும். அன்று இறைச்சியைக் காத்த அதே உயிர்வலிமை, இன்று கண்ணாடித் தொட்டியிற் சரக்கைக் காக்கின்றது.

ரெனன்றின் நூல் வேறொன்றையும் கூறுகின்றது. அழுங்காமையின் ஓட்டுத் தகடுகள் இறந்தபின் எடுக்கப்படின் நிறம் மங்குமென்பதால், உயிருள்ள ஆமையை நெருப்பின்மேற் பிடித்துத் தகடுகளைக் கழற்றினர். அத்தகடுகள் சீப்பாகவும் பேழையாகவும் செல்வர் வீடுகளை அலங்கரித்தன. நெருப்பு மூட்டிய கை வறிய மீனவனுடையது. அந்நெருப்பை வேண்டிநின்ற சந்தை கடல்கடந்தது. கொடுமையைச் செய்பவனை மட்டும் சுட்டி, அதற்கு விலை கொடுப்பவனை மறைத்துவிடும் பார்வை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது.

3

பண்டத்தின் இயல்பை மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தின் தொடக்கத்திலேயே ஆராய்ந்தார். பண்டம் பயன்பெறுமதியும் பரிவர்த்தனைப் பெறுமதியும் உடையது. வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்பது பயன்பெறுமதியைச் சார்ந்தது. விற்பவரை வந்தடைவது பணம். இரக்கத்தால் வந்த பணத்துக்கும் பொழுதுபோக்குக்காக வந்த பணத்துக்கும் வணிகனிடத்து வேறுபாடில்லை. அதுமட்டுமன்று: நோயுற்ற விலங்கும் விலைபோகும் என்பது உறுதியாகுமாயின், அதனைப் பேணும் செலவைச் செய்வதற்கான காரணமும் குறைந்துவிடுகின்றது. புறக்கணிப்பினால் ஏற்படவேண்டிய நட்டத்தை இரக்கமுள்ளவர் தம் பணத்தால் ஈடுசெய்கின்றார்.

இவ்வுண்மைக்கு இலங்கையின் தென்கரையிலுள்ள கடலாமை முட்டைப் பொரிப்பகங்கள் தக்க சான்றாகும். 1956 இல் யாலவில் வனவிலங்கு ஆர்வலர்களால் முதலாவது பொரிப்பகம் அமைக்கப்பட்டது. பின்னர் கொஸ்கொட, பெந்தோட்டைப் பகுதிகளிற் பல தோன்றின. இவை முட்டை சேகரிப்போரிடமிருந்து, உணவுச் சந்தையின் விலையிலும் கூடுதலான விலைக்கு முட்டைகளை வாங்கிப் பொரிக்கவைத்தன. நோக்கம் நல்லதே. ஆனால் கரையில் தாமாகவே பொரித்திருக்கக்கூடிய முட்டைகளும் தோண்டப்படுவதற்கு அவ்விலை ஊக்கமளித்தது. சுற்றுலாப் பயணி கட்டணம் செலுத்திக் குஞ்சை விடுவிக்கும் வழக்கம் வளர்ந்ததும், காட்சிக்கெனக் குஞ்சுகள் நாட்கணக்கில் தொட்டிகளில் வைக்கப்படலாயின. பொரித்தவுடன் ஆழ்கடல் நோக்கி விரைந்து நீந்துவதற்கென உடலில் அமைந்த ஆற்றல் அத்தொட்டிகளிலேயே வீணாயிற்று. 1972 முதல் இலங்கையிற் சட்டப் பாதுகாப்புப் பெற்றுள்ள கடலாமையின் விடுதலையே இவ்வாறு விற்பனைப் பண்டமாயிற்று.

4

கடைத்தொட்டிக்கு விலங்கு எங்கிருந்து வருகின்றது என்பது அடுத்த வினா. இந்தியாவின் வறண்ட நிலங்களிலும் இலங்கையின் உலர் வலயத்திலும் வாழும் நட்சத்திர ஆமையை நோக்குவோம். ஓட்டின் அழகே இதற்குப் பகையாயிற்று. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வாணிபம் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1975 முதல் இடம்பெற்றிருந்த இது, 2019 இல், வர்த்தக நோக்கிலான சர்வதேச விற்பனையைத் தடைசெய்யும் முதலாம் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. இம்மாற்றத்துக்கு முன்னர், 2015 இல் வெளியான ஆய்வொன்று, இந்தியாவின் ஒரே வாணிப மையத்தினூடாக ஓராண்டிற் குறைந்தது 55,000 ஆமைகள் பிடித்து அனுப்பப்பட்டதாக மதிப்பிட்டது. இவற்றைப் புதர்களிலிருந்து பொறுக்கித் தருவோர் கிராமத்து ஏழைகள். அவர்கள் பெறும் சொற்பத் தொகைக்கும், கிழக்காசிய நகரொன்றில் அதே ஆமைக்குக் கிட்டும் விலைக்கும் இடையிலான வேறுபாடு இடைத்தரகரின் இலாபமாகின்றது.

செங்காது ஆமையின் பயணம் இதற்கு எதிர்த்திசையிலானது. அது வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்குக்குரியது. சிறுவர்களுக்கு சல்மொனெல்லா நோய் பரவியமையால், ஓட்டின் நீளம் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை ஐக்கிய அமெரிக்கா 1975 இல் தடைசெய்தது. ஆனால் ஏற்றுமதி தடைப்படவில்லை. 1997 இல் ஐரோப்பிய ஒன்றியமும் இறக்குமதியை நிறுத்தியது. உள்நாட்டிற் குழந்தைகளுக்கு ஆகாதெனக் கழிக்கப்பட்ட சரக்குக்கு ஆசியச் சந்தை வடிகாலாயிற்று. இவ்வாமையை இரக்கத்தால் வாங்கியவர் அதனை எமது குளங்களில் விடுவதும் தகாது. உலகின் மிகக் கேடான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களுள் ஒன்றாக இது பட்டியலிடப்பட்டுள்ளது. எமது பாலாமையினதும் கருப்பாமையினதும் உணவையும் இடத்தையும் இது கவரக்கூடும். விலைகொடுத்து வாங்கப்பட்ட இவ்விலங்குக்கு விடுதலை பெறத்தக்க இடம் இங்கு இல்லை.

5

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழும். 'அமைப்பு மாறும்வரை கண்முன் கிடக்கும் இவ்வுயிர் சாகட்டும் என்பதுதான் மார்க்சியமா?' இது அலட்சியம் செய்யத்தக்க வினாவன்று. வலியை அனுபவிப்பது குறித்த ஓர் உடல். அவ்வுடலுக்குப் புள்ளிவிவரம் ஆறுதலளிக்காது. இரக்கத்தை ஏளனம் செய்யும் எந்தப் பொதுவுடைமைக் கோட்பாடும் தன் ஊற்றையே மறுப்பதாகும். எனவே, வாங்கியவரைக் குற்றவாளியாக்குவது எமது நோக்கமன்று. நாம் மறுப்பது இரக்கத்தையன்று. இரக்கம் விலையாக மட்டுமே வெளிப்பட முடியும் என்ற எண்ணத்தையே மறுக்கின்றோம்.

வேறு வழிகள் உள்ளன. விற்க இயலாத நிலையிலுள்ள விலங்கை விலையின்றி ஒப்படைக்குமாறு கேட்கலாம். விலை கொடாதவிடத்து அம்மீட்பு சந்தைக்கு ஊக்கமாகாது. உள்நாட்டு ஊர்வனவாயின் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். 1907 ஆம் ஆண்டின் விலங்குகளுக்குக் கொடுமை இழைத்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம், சிறைப்பட்ட ஊர்வனவற்றையும் 'விலங்கு' என்ற சொல்லினுள் அடக்குகின்றது. அச்சட்டம் விதித்த தண்டப்பணம் நூறு ரூபா. ஓர் ஆமையின் விலையிலும் குறைந்த தண்டம் வணிகனுக்கு வெறும் செலவினமே. ஆதலால் தனி முறைப்பாட்டோடு அமையாது, சட்டத்தைத் திருத்துவதற்கான கூட்டுக் கோரிக்கையும் வேண்டும். ஒருவர் வாங்காது விடுதல் மனநிறைவு தரும். பலர் சேர்ந்து வாங்க மறுத்து, அம்மறுப்பைப் பகிரங்கப்படுத்துவதே கடையின் தொட்டியை மாற்றும்.

6

எனினும், பிடிப்பவனின் வாழ்வை மறந்த தடை முழுமை பெறாது. தமிழ்நாட்டின் இருளர் வரலாறு இதற்கு உதாரணம். செங்கற்பட்டுப் பகுதியின் இருளர், தோல் வணிகருக்காகப் பாம்பு பிடித்துச் சொற்ப கூலி பெற்றனர். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனைத் தொடர்ந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் பாம்பைக் காத்தன. இருளரின் அடுப்பை அணைத்தன. 1978 இல் அமைக்கப்பட்டு, வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இம்முரண்பாட்டுக்கு ஒரு தீர்வைக் கண்டது. பாம்பு பிடிக்கப்பட்டு, சில கிழமைகள் வைக்கப்பட்டு, நஞ்சு எடுக்கப்பட்டபின் மீண்டும் காட்டில் விடப்படுகின்றது. அந்நஞ்சு பாம்புக்கடி முறிமருந்து ஆக்கத்துக்குப் பயன்படுகின்றது. இலங்கை மருத்துவமனைகள் நெடுங்காலமாக இந்திய முறிமருந்தையே நம்பியிருந்தன என்பதை நோக்குமிடத்து, வயலிற் பாம்பு தீண்டிய எமது விவசாயியும் அவ்வுழைப்புக்குக் கடன்பட்டவனே.

தென்னிலங்கையின் ரெக்காவ கரையிலும் இத்தகைய முயற்சியொன்று நடைபெற்றது. 1993 இல் தொடங்கப்பெற்ற ஆமைப் பாதுகாப்புச் செயற்றிட்டம், 1996 முதல் அங்கு முட்டைகளை வாங்காது, முன்னர் முட்டை தோண்டியவர்களையே கூலிக்கமர்த்தி, கூடுகளை இருந்த இடத்திலேயே காக்கச் செய்தது. பொரிப்பகம் முட்டைக்கு விலை கொடுத்தது. ரெக்காவ காவலுக்குக் கூலி கொடுத்தது. பணத்தைப் பெறும் கை ஒன்றே. ஆயின் முன்னதில் தோண்டுதலும் பின்னதில் காத்தலும் வருவாய்க்கு வழியாகின்றன. நன்கொடையிலும் சுற்றுலாவிலும் தங்கியிருத்தல் இத்தகைய முயற்சிகளின் குறைபாடாகும். ஆயினும் அவை காட்டும் திசை சரியானது.

1844 இல் வெளியான தமது கட்டுரையொன்றில் மார்க்ஸ், செருமானிய விவசாயப் போர்க் காலத்துத் தலைவர் தோமஸ் முன்சரை நினைவுகூர்ந்து, உயிரினங்கள் யாவும் உடைமையாக்கப்பட்ட நிலையை அவர் கண்டித்தமையை எடுத்துக்காட்டினார். விடுதலை என்ற சொல்லின் எல்லை மனிதனோடு முடிவதில்லை என்ற சிந்தனை எமது மரபுக்குப் புறம்பானதன்று. என் வீட்டு முற்றத்திற் புதைக்கப்பட்ட அச்சிறிய ஆமைக்கு நான் செலுத்திய விலை, மேலும் மூன்று உயிர்களை அத்தொட்டிக்குக் கொண்டுவந்தது. மறுமுறை அக்கடைக்குச் சென்றபோது நான் தனியே செல்லவில்லை; மாணவர் சிலரும் உடன்வந்தனர். நாம் எதனையும் வாங்கவில்லை. நீரை மாற்றுமாறும், விளக்கு அமைக்குமாறும், இனி ஆமை வருவிக்க வேண்டாமெனவும் கேட்டோம். முதலிரண்டும் நிறைவேறின. மூன்றாவதற்காக மீண்டும் செல்லவேண்டியுள்ளது.