நொண்டி ஓடிய வேகம்

நான்கு நிமிடங்கள் ஒலிக்கும் ஒரு பாடலுக்குள் எத்தனை எண்கள் இருக்கும் என்று எப்போதாவது கணக்குப் போட்டதுண்டா? குறுந்தகட்டில் ஒலி அலையின் உயரம் விநாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. இடது, வலது என இரு தடங்கள். பெருக்கிப் பாருங்கள்: 2 கோடியே 11 லட்சத்து 68 ஆயிரம் எண்கள்! இதையே விநாடிக்கு 1,28,000 பிட்டுகள் கொண்ட எம்.பி.3 கோப்பாக மாற்றினால், ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

இவ்வாறு சுருக்கித் தரும் மென்பொருளுக்குக் குறியாக்கி என்று பெயர். எம்.பி.3 முறையைத் தரப்படுத்தியவர்கள் மாதிரிக்கென ஒரு குறியாக்கியை வெளியிட்டிருந்தார்கள். முறையை விளக்குவதே அதன் நோக்கம், வேகம் அன்று. ஆகவே அது ஆமையாய் நகர்ந்தது.

1998-ஆம் ஆண்டில் மைக் செங் என்பவர் வேறொரு குறியாக்கியை எடுத்துத் திருத்தி வெளியிட்டார். அதன் ஒலித்தரம் பற்றிச் சிலர் ஐயம் எழுப்பினர். உடனே அவர் அந்த வேலையை ஒதுக்கிவிட்டு, மாதிரி நிரலிலிருந்தே மறுபடியும் தொடங்கினார். இம்முறை நிபந்தனை ஒன்றுதான்: வேகம் கூடவேண்டும், தரத்தில் கை வைக்கக்கூடாது. இதுவே லேம். அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் நொண்டி என்று பொருள்! “லேம் ஓர் எம்.பி.3 குறியாக்கி அன்று” என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. அப்போது அது மாதிரி நிரலின்மேல் ஒட்டவேண்டிய திருத்தங்களின் தொகுப்பாகவே இருந்ததால், பெயரில் பொய்யும் இல்லை.

நேரம் எங்கே வீணாகிறது? தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது நமக்குக் கேட்பதில்லை அல்லவா? அதுபோல் மறைந்துபோகும் நுட்பங்களைக் குறியாக்கி துல்லியக் குறைவாகவே எழுதிவைக்கும். ஒலியை 576 எண்கள் கொண்ட துண்டுகளாக்கி, ஒவ்வோர் எண்ணையும் ஒரு படி அளவால் வகுத்து, விடையை 3/4 அடுக்குக்கு உயர்த்தி, முழு எண்ணாக்கும். பிட்டுகள் மிகுந்துவிட்டால்? படியைப் பெரிதாக்கி மீண்டும் முதலிலிருந்து. ஒரு துண்டுக்குப் பத்து முறை முயன்றால், நம் பாடலுக்கு 21 கோடி அடுக்குக் கணக்குகள்! அடுக்குக் கணக்கோ கணிப்பொறிக்கும் சுமையானது.

இங்கே உதவுவது நீங்கள் வகுப்பில் படிக்கும் அடுக்குக்குறி விதிதான். ஓர் ஈவின் அடுக்கு, அடுக்குகளின் ஈவுக்குச் சமம். அப்படியானால் ஒலி எண்ணின் 3/4 அடுக்கை ஒரே ஒரு முறை கண்டு வைத்துக்கொண்டால் போதும். படி அளவுகளோ எண்ணிக்கையில் குறைவு. அவற்றுக்குரிய மதிப்புகளை வாய்ப்பாடு போல முன்னரே எழுதிவைக்கலாம். பிறகு ஒவ்வொரு முயற்சிக்கும் வெறும் பெருக்கல்தான்!

அந்த ஒரு முறையைக்கூட இரண்டு வர்க்கமூலங்களால் முடித்துவிடலாம். 81-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வர்க்கமூலம் 9. இரண்டையும் பெருக்கினால் 729. அதன் வர்க்கமூலம் 27. இதுவே 81-இன் 3/4 அடுக்கு. லேம் நிரலில் இந்த உத்தியை இன்றும் காணலாம்.

1999-இல் வந்த பென்டியம் 3 சில்லு, ஒரே கட்டளையில் நான்கு பின்ன எண்களைப் பெருக்கவும் கூட்டவும் வல்லது. வேகம் நான்கு மடங்காகும் என்று துள்ள வேண்டாம். எண்களை எடுத்து அடுக்கவும் நேரம் பிடிக்கும். இன்னொரு பொறியும் உண்டு. மூன்று இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கும் இயந்திரத்திடம் 100-உடன் 0.4-ஐக் கூட்டச் சொன்னால் 100 என்றே சொல்லும், இன்னொரு 0.4-ஐக் கூட்டினாலும் 100தான். ஆனால் இரண்டு 0.4-களையும் முதலில் கூட்டிக்கொண்டால் விடை 101! வரிசையை மாற்றினால் விடையும் மாறுகிறது. எனவே பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே பாடலுக்குத் தரும் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்; ஆனால் இதைத் தவிர்த்த வேகத்தை நம்ப முடியாது.

மூலநிரல் யாவருக்கும் திறந்திருந்ததால் பலர் கைகொடுத்தனர். செங்குக்குப் பின் பொறுப்பேற்ற மார்க் டெய்லர், செவியின் உணர்திறனைக் கணிக்கும் புதிய பகுதியையே எழுதிச் சேர்த்தார். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் மாதிரி நிரலின் கடைசி மிச்சமும் நீக்கப்பட்டது. பெயர் எப்படியிருப்பினும், லேம் அதன்பின் முழுமையான குறியாக்கி!

பாடலைத் துண்டாக்கிப் பல செயலிகளிடம் பகிர்ந்து கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். எம்.பி.3-இல் ஒரு துண்டு மிச்சப்படுத்தும் பிட்டுகளை அடுத்த துண்டு செலவழித்துக்கொள்ளும்; அதனால் முந்தியது முடியாமல் பிந்தியதைத் தொடங்குவது கடினம். ஒலியைச் சிறிதும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் முறையிலோ துண்டுகள் ஒன்றையொன்று நம்பியிருப்பதில்லை. 2025-இல் வெளிவந்த அதன் 1.5.0 பதிப்பில் இந்தப் பங்கீடு கைகூடியது.